மலையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற: முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலோ விடுதி வரவேற்பறையிலோ மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்தபடி பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்குத் துணை நின்று கவனித்ததில், அவர்கள் இடறிய இடங்கள் பெரும்பாலும் பாடப்புத்தகத்துக்கு வெளியேதான் இருந்தன. கட்டணத்தைக் கட்டிவிட்டு, அந்தப் பட்டம் பதவி உயர்வுக்குச் செல்லுமா என்று பிறகு விசாரிக்கிறார்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் உட்கார்ந்து, ஆதாரில் இனிஷியல் மாறியிருப்பதை அப்போதுதான் பார்க்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆறு படிகளும் பணம் கட்டுவதற்கு முன்பே முடிய வேண்டியவை.

1. பட்டம் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பதவி உயர்வு, அரசுத் தேர்வு, வேறு நிறுவனத்துக்கு மாறுவது, மேற்படிப்பு ஆகிய நான்கில் எது உங்கள் நோக்கமோ அதைப் பொறுத்தே பாடமும் பல்கலைக்கழகமும் அமையும். நோக்கம் தெளியாமல், கட்டணம் குறைவு என்பதற்காகவோ நண்பர் சேர்ந்தார் என்பதற்காகவோ ஒரு பாடத்தை எடுத்தவர்கள், இரண்டாம் ஆண்டில் படிப்பைக் கைவிடுவதை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

பதவி உயர்வுதான் நோக்கம் என்றால், உங்கள் அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் இரண்டு கேள்விகளை எழுத்துமூலம் கேளுங்கள்: எந்தப் பாடத்தில் பட்டம் வேண்டும், தொலைநிலைப் பட்டம் ஏற்கப்படுமா? வாய்மொழியாகச் சொன்னவர் நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார். கையில் உள்ள கடிதம்தான் நிற்கும். அரசு ஊழியர்கள் சேருவதற்கு முன்பே துறையின் முன் அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். படித்து முடித்த பின் அனுமதி கேட்டால், பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதில் சிக்கல் வரும்.

ஆசிரியர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறொரு பாடம் என்று படித்தால் பதவி உயர்வுப் பட்டியலில் அது கேள்விக்குள்ளாகும். பாடத்தின் பெயர் சற்றே மாறுபட்டாலும், இணையான பட்டம்தான் என்று காட்டும் அரசாணையைத் தேர்வாணையங்கள் கேட்கின்றன. எனவே பட்டத்தில் பாடத்தின் பெயர் எப்படி அச்சிடப்படும் என்பதை இப்போதே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

2. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை உங்களிடம் இருக்கிறதா?

தமிழ்நாடு அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் பத்தாம் வகுப்பு, மேல்நிலை இரண்டாம் ஆண்டு, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை முக்கியமானது. மேல்நிலைக் கல்வி இல்லாதவர்களைத் தயாரிப்புப் படிப்பு ஒன்றின் வழியாகப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் வசதி திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்து வந்திருக்கிறது. அப்படிப் பெற்ற பட்டம் தனியார் வேலைக்கோ சொந்த அறிவுக்கோ பயன்படலாம். அரசுப் பணி விதிகளின் முன் அது நிற்காது.

எஸ்டேட் பகுதிகளில் பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போய்விட்டவர்கள் பலர். அவர்களுக்கு என் அழுத்தமான பரிந்துரை, முதலில் தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை எழுதி முடிப்பதுதான். கூடுதலாக ஆகும் காலம் வீண் அல்ல. அதைத் தவிர்த்துப் பெற்ற பட்டத்தால் பின்னர் இழப்பது மிகப் பெரிது. ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர்கள், தங்கள் தகுதி மேல்நிலைக் கல்விக்கு இணையாகக் கொள்ளப்படுமா என்பதை முதல் படியில் சொன்ன கடிதத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடலாம்.

3. தொலைநிலையில் படிக்கவே முடியாத பாடங்களை நீக்குங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பொறியியல், மருத்துவம், நர்சிங், மருந்தியல், பிசியோதெரபி, கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை, தோட்டக்கலை, ஹோட்டல் மேலாண்மை, கேட்டரிங் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தத் தடை விதிக்கின்றன. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

நம் மலையில் அதிகம் பேர் கேட்பது தோட்டக்கலையையும் ஹோட்டல் மேலாண்மையையும்தான், ஏனென்றால் வேலை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டங்களைத் தொலைநிலையில் தருவதாக யாராவது துண்டுப்பிரசுரம் நீட்டினால் அதற்கு மேல் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. விடுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு வணிக நிர்வாகமோ சுற்றுலா தொடர்பான பட்டமோ பொருந்தும். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு வணிகவியல் நேரடியாகக் கை கொடுக்கும்.

4. அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

பல்கலைக்கழகம் புகழ்பெற்றது என்பது மட்டும் போதாது. தொலைநிலைப் படிப்புக்கான அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. இந்தப் பாடம், இந்தக் கல்வியாண்டு, இந்தச் சேர்க்கைப் பருவம் என்று தனித்தனியாகத்தான் தரப்படுகிறது. போன வருடம் பட்டியலில் இருந்த பாடம் இந்த வருடம் இல்லாமல் போகலாம். அண்ணன் அங்கே படித்து வேலை வாங்கினார் என்பது உங்களுக்குச் சான்றாகாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு எனத் தனி இணையதளம் இருக்கிறது. அதில் நீங்கள் சேரப்போகும் பருவத்தைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே உங்கள் பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேதியுடன் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி எழும்போது அந்தத் தாள் பேசும்.

1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பவை. இவற்றிலும் பாடவாரியாகச் சரிபார்ப்பது அவசியம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிக் கல்லூரிப் பட்டமும் இணையானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. தனியார் நிறுவன மேலாளர்கள் சிலருக்கு இது தெரியாது என்பதால், அந்த அறிவிப்பின் நகலையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. மையம் எங்கே இருக்கிறது?

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயம். மலையில் பட்டம் முடியுமா முடியாதா என்பதையே இது தீர்மானிக்கும். கற்போர் உதவி மையம் எங்கே, தொடர்பு வகுப்புகள் எந்தக் கிழமைகளில் நடக்கும், தேர்வு எந்த ஊரில் எழுத வேண்டும் என்ற மூன்றையும் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நடுவட்டம் ஏற்றத்தில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் பேருந்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் இருப்பவர்கள் அதற்கு முன் கூடலூருக்கே வந்து சேர வேண்டும். உங்கள் மையம் கோயம்புத்தூரில் என்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முழுநாளும், தேர்வுக் காலத்தில் தங்கும் செலவும் சேரும். கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டியவர்களின் கணக்கும் இதேதான். பாடக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுத்தவர்கள், பயணச் செலவையும் இழந்த சம்பள நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் அது மலிவாக இருக்காது.

செய்முறை உள்ள கணினிப் பயன்பாடு, அறிவியல், நூலக அறிவியல் போன்ற படிப்புகளில் வருகை கட்டாயம். வீட்டிலிருந்து அதை ஈடுகட்ட முடியாது. சனி, ஞாயிறுகளில் விடுப்பே கிடைக்காத விடுதி ஊழியர்கள் செய்முறை இல்லாத பாடத்தை எடுப்பது நல்லது.

6. பெயர், இனிஷியல், ஆதார்

சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே இந்த வேலையை ஆரம்பியுங்கள். நான் பார்த்தவரை மிக அதிகமானோர் தடுக்கி நிற்கும் இடம் இதுவே.

தொலைநிலைப் படிப்பிலும் இணையவழிப் படிப்பிலும் சேரும் இந்திய மாணவர் ஒவ்வொருவருக்கும் 2024 முதல் ‘டெப்’ எண், அதாவது மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண், கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெறுவதற்கு ஏ.பி.சி. எண், அதாவது கல்வி மதிப்பலகு (கிரெடிட்) வங்கியின் எண் வேண்டும். அந்த எண்ணை டிஜிலாக்கர் வழியாகப் பெறலாம். டிஜிலாக்கருக்கு ஆதாரும், அதோடு இணைந்த கைபேசி எண்ணும் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விண்ணப்பம் நகராது. எனவே ஆதாரில் உள்ள கைபேசி எண் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்பதே முதல் சோதனை. சிக்னல் இல்லை என்று சிம் மாற்றியவர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் ‘முருகன் க’ என்றும், ஆதாரில் ‘முருகன் கந்தசாமி’ என்றும் இருந்தால் இரண்டும் ஒருவரே என்பது நமக்குப் புரியும், கணினி ஏற்காது. பெண்களுக்கு இது இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து இனிஷியலாக ஏறியிருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் எழுத்தே இருக்கும். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் கேரளப் பள்ளிகளில் படித்தவர்களின் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் வேறு முறையில் அமைந்திருக்கலாம்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்து, மற்றவற்றை அதற்கு ஒத்ததாக ஆக்குங்கள். பட்டத்திலும் அந்தப் பெயரே வரும். பணிப்பதிவேட்டிலும் அதுவே இருக்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், திருத்தும்போது ஒவ்வோர் எழுத்தையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரே முற்றிலும் வேறாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இந்த இடைவெளியில் மற்ற ஆவணங்களையும் சேர்த்துவிடலாம்: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்படம், கையொப்பம். வேறு மாநில வாரியத்தில் படித்தவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழை அந்த வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

7. விண்ணப்பமும் கட்டணமும்

சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி-பிப்ரவரியிலும் ஜூலை-ஆகஸ்டிலும் நடக்கும். விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நேரடியாகச் செலுத்துங்கள். இ-சேவை மையத்தில் செய்தாலும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தவர்களுக்குத் தேர்வு அறிவிப்பு வந்தது தெரியாமலே போய்விடுகிறது.

கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். ‘தேர்வையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஆகஸ்டின் கடைசி நாட்களுக்கு இதைத் தள்ளிப்போடுவது மலையில் ஆபத்தானது. தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் அந்நாட்களில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லாமல் போகும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் குந்தா பகுதியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட வாரத்தில் குந்தாவில் உட்கார்ந்து எந்த விண்ணப்பத்தையும் அனுப்ப இயலாது.

8. படிப்புக்கு நாட்காட்டி போடுங்கள்

ஒரு மதிப்பலகுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது விதி. மூன்றாண்டுப் பட்டம் 120 மதிப்பலகுகள் என்றால் மொத்தம் 3,600 மணி நேரம், ஆண்டுக்கு 1,200, வாரத்துக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இது கடினம் என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். வாரத்துக்கு 15 மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும் என்றால், மூன்று ஆண்டுப் படிப்பை நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளில் முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சக் காலத்தின் இருமடங்கு வரை விதிகள் இடம் தருகின்றன. எல்லாத் தாள்களையும் ஒரே பருவத்தில் எழுதித் தோற்பதைவிட, பாதித் தாள்களை எழுதித் தேறுவது மனத்துக்கும் பணத்துக்கும் நல்லது.

அடுத்து, உங்கள் வேலையின் உச்ச மாதங்களையும் தேர்வு மாதங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். இக்னோவில் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. ஜூன் தேர்வுக்குப் படிக்க வேண்டிய ஏப்ரல், மே மாதங்கள் நமக்குச் சீசன். மலர்க் கண்காட்சிக் காலத்தில் விடுதி, கடை, வாடகை வண்டி என எதில் இருந்தாலும் தூங்கவே நேரம் இருக்காது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கனமான தாள்களை டிசம்பருக்கு ஒதுக்கி, ஜூனில் ஒன்றிரண்டு எளிய தாள்களை மட்டும் எழுதுவது சரியாக வரும். தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பவர்களுக்குக் கோடை மழைக்குப் பின்னும் செப்டம்பர், அக்டோபரிலும் பசுந்தேயிலை வரத்து கூடும். அவர்கள் நவம்பரை நம்பாமல் ஜூலை, ஆகஸ்டிலேயே பாதிப் பாடத்தை முடித்துவிட வேண்டும். உங்கள் படிப்பு ஆண்டு முறையா பருவ முறையா என்று கேட்டு, முதல் தேர்வு எந்த மாதத்தில் விழும் என்று கணக்கிட்ட பிறகே ஜனவரியில் சேர்வதா ஜூலையில் சேர்வதா என்று முடிவெடுங்கள்.

பாடநூல்கள் தபாலில் வரத் தாமதமாகும். இக்னோவின் பாடங்கள் ‘இஞான்கோஷ்’ இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நகரத்துக்கு வரும் நாளில் அந்தப் பருவத்தின் எல்லாப் பாடங்களையும் மொத்தமாகக் கைபேசியில் இறக்கிவைத்தால், சிக்னல் இல்லாத எஸ்டேட் லைன் வீட்டிலும் படிப்பு நிற்காது.

9. ஒப்படைப்புகள்

இக்னோ போன்ற இடங்களில், வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) 30 சதவீதமும் பருவத் தேர்வுக்கு 70 சதவீதமும் மதிப்பெண் உண்டு. ஒப்படைப்பு கொடுக்காவிட்டால் தேர்வில் எவ்வளவு எடுத்தாலும் அந்தத் தாள் முடியாது. முதல் பாடம் படித்து முடிந்தவுடனேயே அதற்குரிய விடைகளை எழுதிவிடுங்கள். எழுதுவதே தேர்வுக்கான பயிற்சியாகவும் அமையும்.

புதியவர்கள் செய்யும் பிழைகள் மூன்று. பழைய பருவத்தின் கேள்வித்தாளுக்கு விடை எழுதுவது முதலாவது. கேள்விகள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அது திரும்பி வந்துவிடும். விற்பனைக்கு வரும் தயார் விடைகளைப் பார்த்து எழுதுவது இரண்டாவது. ஒரே மையத்தில் பத்துப் பேரின் விடை ஒரே மாதிரி இருந்தால் திருத்துபவருக்கு உடனே தெரியும். மூன்றாவது, நகல் எடுக்காமலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமலும் கொடுத்துவிட்டு வருவது. மதிப்பெண் பதிவாகாமல் போனால் அந்தச் சீட்டு ஒன்றே ஆதாரம்.

10. தேர்வு விண்ணப்பமும் தேர்வு நாட்களும்

படிப்பில் சேர்ந்ததே தேர்வுக்குப் பதிவு செய்ததாகாது. ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு விண்ணப்பமும் கட்டணமும் தனி. தேர்வு மையத்தையும் அதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு விண்ணப்பம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பதிவு செய்தால் அருகிலுள்ள மையம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கால அட்டவணை வந்த அன்றே அதன் நகலோடு விடுப்பு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். பிற்பகல் தாள் மாலை 5 மணிக்கு முடிந்தால் கடைசிப் பேருந்து உங்களுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காது என்றால், தங்குமிடத்தை அப்போதே பேசி வையுங்கள்.

டிசம்பர்த் தேர்வு வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வரும். மேட்டுப்பாளையம்-குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மலை ரயிலை அந்த மாதங்களில் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். முதல் தாளுக்கு முந்தைய நாளே மையம் உள்ள ஊரில் இருப்பதுதான் பாதுகாப்பு. நுழைவுச்சீட்டின் இரண்டு அச்சுப்படிகளும் அசல் அடையாள அட்டையும் நனையாத உறையில் இருக்கட்டும்.

11. மறுபதிவும் அரியரும்

தேர்வு முடிவு வரவில்லை என்பதற்காக அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் காத்திருப்பது பெரிய தவறு. தேறினாலும் தவறினாலும் குறிப்பிட்ட தேதிக்குள் மறுபதிவு செய்ய வேண்டும். விட்டால் ஓர் ஆண்டு பின்தள்ளப்படுவீர்கள்.

அரியர் விழுந்தால் அடுத்த பருவத்திலேயே எழுதிவிடுங்கள். பாடத்திட்டம் மாறினால் பழைய தாளைத் தேடிப் பிடிப்பது கடினம். அதிகபட்சக் காலம் எப்போது முடிகிறது என்பதைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

12. பட்டம் கைக்கு வந்த பின்

கடைசித் தாளின் முடிவு வந்தவுடன் தற்காலிகச் சான்றிதழுக்கும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கும் விண்ணப்பியுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ஏதாவது பணி அறிவிப்பு வந்தால் தற்காலிகச் சான்றிதழே போதுமானது. சான்றிதழில் பெயர், பாடம், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு ஆகியவற்றை வாங்கிய அன்றே சரிபாருங்கள்.

அரசு அலுவலகங்களும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் உண்மைத்தன்மைச் சான்றிதழ் கேட்கும். அதை அலுவலகம் பல்கலைக்கழகத்துக்கு எழுதித்தான் பெற வேண்டும் என்பதால், பட்டத்தின் நகலை ஒப்படைக்கும் அன்றே அதற்கான கடிதத்தையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதல் படியில் பெற்ற முன் அனுமதி, நான்காம் படியில் எடுத்த அங்கீகார அச்சுப்படி, மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை இணைத்து, பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதிவு செய்யுமாறு மனு கொடுத்து, பதிவான பக்கத்தின் நகலைக் கையொப்பத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும் நாளுக்குப் பின் பதிவானால் அடுத்த பட்டியலுக்குத்தான் உங்கள் பெயர் போகும்; எனவே அந்த நாள் எது என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைத்து, அதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.